ராணி கொடுத்ததும் ராணி மறுத்ததும்



திருவனந்தபுரத்தில் பாளையத்திலிருந்து அருங்காட்சியகத்தை நோக்கிச் செல்லும் பேருந்தில் 'எல்.எம்.எஸ்.' என்று நடத்துனர் குரல் கொடுக்கும் நிறுத்தத்தை நீங்கள் அறிவீர்கள். நாள்தோறும் அவ்விடத்தைக் கடந்து வேலைக்குச் செல்வோர் நம் சபைகளில் அநேகர் உண்டு. அந்த மூன்று எழுத்துகளும் லண்டன் மிஷனெரி சங்கத்தின் பெயரைக் குறிப்பவை. அச்சங்கத்தார் இந்நகரில் பணியைத் தொடங்கியது 1838-ஆம் ஆண்டில். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் தெற்கே மயிலாடியிலும் நாகர்கோவிலிலும், அதாவது நம்மில் பலருடைய சொந்த ஊர்ப்பக்கத்திலே, ஊன்றி நின்றார்கள்.

அந்தத் தொடக்க நாட்களைப் பற்றிப் பேசும்போது மிஷனெரிமாரின் பெயர்களை நாம் சொல்லுகிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அவர்கள் குடியிருந்த வீட்டையும், பள்ளிக்கு வருமானம் தந்த வயலையும் கொடுத்தது எந்தக் கை என்று நாம் கேட்பதில்லை. ஆராதனைக்குக் கைகூப்பிய அதே மக்களின் தோளிலிருந்து சீலையை அகற்றச் சொன்ன ஆணையில் யாருடைய பெயர் நின்றது என்றும் கேட்பதில்லை. இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே ஸ்திரீயின் பெயர்தான். அவர் திருவிதாங்கூரைப் பதினான்கு ஆண்டுகள் ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய்.

மனைவி ராணி அல்ல

வடக்கேயும் கிழக்கேயும் உள்ள இராஜ்யங்களில் அரசனின் மனைவியே அரசி. வேதாகமத்தில் நாம் வாசிக்கும் எஸ்தரும் அவ்வகையிலேயே இராஜாத்தியானாள். திருவிதாங்கூரின் வழக்கமோ வேறு. இங்கே மருமக்கள் முறை நிலவியது. மகாராஜாவுக்குப் பின் அவர் மகன் பட்டத்திற்கு வருவதில்லை. சகோதரியின் மகனே வருவான். ஆகையால் மகாராஜாவை மணந்த பெண் 'அம்மச்சி' என்று மட்டுமே அழைக்கப்பட்டாள். அவளுக்கு அரியணையில் இடமில்லை. அவள் பிள்ளைகளுக்கும் இல்லை. ராணி என்னும் பெயர் அரச குடும்பத்திலே பிறந்த அல்லது சுவீகாரமாக வந்த பெண்களுக்கே உரியது. ஆற்றிங்கல் ராணிமார் என்று அவர்களைச் சொல்லுவார்கள். அவர்கள் வயிற்றில் பிறக்கும் ஆண் குழந்தைதான் நாளைய மகாராஜா.

1810-ஆம் ஆண்டு நவம்பரில் மகாராஜா பாலராம வர்மா இறந்தபோது, அடுத்துப் பட்டமேற ராணிமார் வயிற்றில் பிறந்த ஆண் குழந்தை ஒன்றும் இல்லை. மாவேலிக்கரைக் கிளையைச் சேர்ந்த கேரள வர்மா உரிமை கோரினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்டாக அவ்வாண்டு வந்திருந்த கர்னல் ஜான் மன்றோ அதை ஏற்கவில்லை. பத்தொன்பது வயதான கௌரி லட்சுமி பாய் பட்டமேறினார். பார்வதி பாய் இவருடைய தங்கை. அப்போது அவருக்கு வயது எட்டு.

அக்கா ஏற்றுக்கொண்ட இராஜ்யம் நொறுங்கிக் கிடந்தது. வேலுத்தம்பி தளவாயின் கலகம் முறியடிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் கம்பெனிக்கு எட்டு இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும். பாக்கியோ ஏறிக்கொண்டே போயிற்று. 1811-இல் ராணி தம் திவானை நீக்கிவிட்டு ரெசிடென்டாகிய மன்றோவையே திவானாகவும் அமர்த்தினார். கடன்காரனின் காரியஸ்தனையே வீட்டுக் கணக்குப்பிள்ளையாக வைத்ததைப் போன்றது இது! துணிவா, வேறு வழியில்லாமையா என்று இன்றும் விவாதிப்பவர்கள் உண்டு. என் எண்ணத்தில் இரண்டும் கலந்தே இருந்தன.

லட்சுமி பாயின் ஆட்சியில் நீதிமன்றங்கள் ஏற்பட்டன. 1812 டிசம்பரில் அடிமைகளை விற்பதும் வாங்குவதும் தடை செய்யப்பட்டது. எனினும் நிலத்தோடு கட்டப்பட்டிருந்த புலையர், பறையர் முதலானோரை அந்த ஆணை விடுவிக்கவில்லை, இதை மறக்கலாகாது. அம்மை குத்தும் முறையும் அவர் காலத்தில் நுழைந்தது. 1813 ஏப்ரலில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். கருவிலேயே அரசனானவன் என்று ஊரார் அவனைக் கொண்டாடினார்கள். பிற்காலத்தில் இசையால் பேர்பெற்ற சுவாதித் திருநாள் அவரே. குழந்தைக்கு நான்கு மாதமானபோது ராணி தர்பாரைக் கூட்டி, மன்றோவின் முன்பாகவும் அதிகாரிகள் முன்பாகவும் அவனை வைத்து, கம்பெனியின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு இன்னொரு மகனும் பிறந்தான். 1815-இல் அந்தத் தாய் இறந்துபோனார். இருபத்துநான்கு ஆண்டுகளே அவர் வாழ்ந்தது.

பதின்மூன்று வயதில் முத்திரை மோதிரம்

இப்பொழுது தங்கையைப் பாருங்கள். 1802-இல் பிறந்த பார்வதி பாய்க்கு அந்த நாளில் வயது பதின்மூன்று. நம் வீடுகளில் எட்டாம் வகுப்பில் படிக்கும் பெண்ணின் வயது! இரண்டு வயதுக் குழந்தையாகிய அரசனுக்கும், கைக்குழந்தையாகிய அவன் தம்பிக்கும், அவர்களுடைய அக்காவாகிய சிறுமிக்கும் அவர் தாயானார். குழந்தைக்குப் பதிலாக இராஜ்யத்தை நடத்தும் ராஜப்பிரதிநிதியும் ஆனார். இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தில், சிறுவனாகிய யோவாசை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய அவன் அத்தை யோசேபாளை நீங்கள் வாசித்திருப்பீர்கள். யோசேபாள் ஆறு ஆண்டுகள் குழந்தையைக் காத்தாள். பார்வதி பாய் பதினான்கு ஆண்டுகள் குழந்தையையும் காத்து, அவனுடைய தேசத்தையும் ஆண்டார்.

தமக்கையின் கணவராகிய சங்கனாச்சேரி ராஜராஜ வர்மா கோயித்தம்புரான் கற்றறிந்தவர். பிள்ளைகளின் கல்வியை அவர் கவனித்தார். தஞ்சாவூரிலிருந்து வந்த சுப்பா ராவ் இளவரசருக்கு ஆங்கிலம் கற்பித்தார். ரெசிடென்ட் மன்றோ 1819 வரை பக்கத்திலிருந்தார். திவான்களோ ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள்: ராமன் மேனோன், ரெட்டி ராவ், வெங்கட்ட ராவ். ஆட்கள் மாறினாலும் முத்திரை மாறவில்லை.

1817-ஆம் ஆண்டு அந்த முத்திரையோடு ஒரு கட்டளை வெளிவந்தது. அப்போது ராணிக்கு வயது பதினைந்து. மக்களின் கல்விக்கு ஆகும் செலவு முழுவதையும் சர்க்காரே ஏற்க வேண்டும், அறிவு பரவுவதில் தேசம் பின்தங்கலாகாது, கல்வியால் அவர்கள் நல்ல குடிகளும் நல்ல ஊழியர்களும் ஆவார்கள், அதனால் இராஜ்யத்தின் புகழும் உயரும் என்பதே அதன் சாரம். கேரளத்தின் எழுத்தறிவைப் பற்றி யார் எழுதத் தொடங்கினாலும் முதலில் இந்த ஆண்டைத்தான் சொல்லுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. இந்தியாவின் மற்றப் பகுதிகளில் இப்படிப்பட்ட பொறுப்பைக் கம்பெனி அரசாங்கம் அன்று கனவிலும் ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளிகளின் திண்ணையில் புலையர் பிள்ளைக்கும் சாம்பவர் பிள்ளைக்கும் இடமிருந்ததா? இல்லை. பல பத்தாண்டுகள் கழிந்தும் இல்லை. கட்டளை எல்லாருக்கும், கதவு சிலருக்கு.

இன்னும் இரண்டு சலுகைகள் அவர் நாளில் வந்தன. அதுவரை ஒருவன் தன் வீட்டுக்கு ஓடு போட விரும்பினாலும் சர்க்காரின் அனுமதி வேண்டும். கையில் காசிருந்தால் மட்டும் போதாது! அந்தத் தடையை ராணி நீக்கினார். அதேபோல் தாழ்த்தப்பட்ட சாதியார் பொன்னும் வெள்ளியும் அணிய வேண்டுமானால் 'அடியறை' என்னும் பணம் கட்டி உத்தரவு பெற வேண்டியிருந்தது. 1818-இல் அதுவும் ஒழிந்தது.

பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் நகை அணிவதில்லையே, இந்தச் செய்தியால் நமக்கு என்ன என்று ஒரு சகோதரி கேட்கலாம். அணியாமலிருக்க நாமே தீர்மானிப்பது ஒன்று. அணிய உனக்குத் தகுதியில்லை என்று இன்னொருவன் சொல்லுவது வேறொன்று. கழற்றி வைக்கும் உரிமையும்கூட, அணியும் உரிமை உள்ளவளுக்குத்தான் உண்டு.

மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு

தெற்கே நடந்ததை இனிக் கவனியுங்கள். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர், சாம்பவர் குலத்தில் பிறந்தவர், சிதம்பரத்துக்கு யாத்திரை சென்றார். பின்பு தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார். அவருடைய வேண்டுகோளின் பலனாக 1806-இல் ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது, பள்ளியும் தொடங்கியது. 1816-இல் நோயுற்ற உடலோடு ரிங்கல்தௌபே ஊரை விட்டுப் போனார். அவருக்குப் பதிலாக 1817-இல் சார்லஸ் மீட் ஐயர் வந்து சேர்ந்தார்.

மன்றோ சுவிசேஷப் பற்றுள்ளவர். அவர் கேட்டார், ராணி கொடுத்தார். நாகர்கோவிலில் மிஷனெரி குடியிருக்க ஒரு பங்களா கிடைத்தது. ஆங்கிலப் பள்ளியை நடத்துவதற்கு நெல்வயல் வாங்க 5,000 ரூபாய் சர்க்கார் கஜானாவிலிருந்து வந்தது. வயலின் மகசூலே பள்ளியின் மூலதனம். 1818-இல் மீட் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயே சிவில் நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அவரைச் சர்க்கார் நியமித்தது. மிஷனெரி நீதிபதியாக அமர்ந்தது சரியா என்று அவர் சங்கத்தாரே கேட்டார்கள். ஏறக்குறைய ஓராண்டில் அந்தப் பதவியை அவர் விட்டுவிட்டார். ஆனால் அந்த ஓராண்டுக்குள், நீதிமன்றத்தின் வாசலருகே நிற்கவும் அஞ்சிய ஏழைகள் உள்ளே போய் வழக்குச் சொன்னார்கள்.

1819 ஜனவரி முதல் தேதியில் நாகர்கோவில் பெரிய ஆலயத்துக்கு அஸ்திபாரக் கல் வைக்கப்பட்டது. 'ஹோம் சர்ச்' என்று நாம் சொல்லும் கஸ்பா ஆலயம் அதுவே. மயிலாடியில் தொடங்கி நாகர்கோவிலுக்கு மாறிய அந்தப் பள்ளியின் வழிவந்ததுதான் இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே படித்தவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களிலும் எத்தனையோ பேர்! அதே நாட்களில் கோட்டயத்துக் கல்லூரிக்கும் ராணி 20,000 ரூபாய் அளித்தார். ஆலப்புழை ஆலயத்துக்கும் உதவினார். அவை வேறொரு மிஷனின் கதை; இங்கே அதற்குள் நுழையவில்லை.

இந்து சமய ஆசாரங்களில் ஊறிய அரண்மனையில், ஸ்ரீபத்மநாபனின் தாசராக ஆண்ட குடும்பத்தில், பதினாறு வயதுப் பெண் கிறிஸ்தவப் பள்ளிக்கு வயல் வாங்கப் பணம் கொடுத்தார். மன்றோவின் வற்புறுத்தல்தான் காரணம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. மன்றோ இல்லாமல் இது நடந்திராது என்பது உண்மையே. எனினும் கம்பெனியின் பணத்தை எடுத்து மன்றோ கொடுக்கவில்லை. அது திருவிதாங்கூர்க் குடிகளின் வரிப்பணம். அதைக் கொடுக்கச் சம்மதித்தவர் ராணி.

கடலுக்கு அப்பால் ஒரு வீட்டுத் தலைவி

இதே ஆண்டுகளில் உலகத்தின் மறுபக்கத்தில் இன்னொரு ஸ்திரீயின் பெயர் எல்லார் வாயிலும் இருந்தது. அமெரிக்காவின் நான்காம் ஜனாதிபதி ஜேம்ஸ் மாடிசனின் மனைவி டாலி மாடிசன். கணவர் 1809 முதல் 1817 வரை பதவியிலிருந்தார். நம் இரண்டு ராணிமாரின் காலத்தோடு அது ஏறக்குறைய ஒட்டிப் போகிறது.

1768-இல் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர் டாலி. 1793-இல் பிலதெல்பியா நகரில் பரவிய மஞ்சள் காய்ச்சலில் முதல் கணவரையும் கைக்குழந்தையையும் பறிகொடுத்தார். மறு ஆண்டு மாடிசனை மணந்தார். மாடிசன் குவேக்கர் அல்லாதவர் என்பதால் சபையார் டாலியைப் புறம்பாக்கினார்கள். சட்டப்படி அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை, ஓட்டுரிமைகூட இல்லை. ஆனால் புதன்கிழமைதோறும் தம் வீட்டு வாசலைத் திறந்து வைத்தார். பகலில் சபையில் ஒருவரையொருவர் வைதுகொண்டவர்கள் மாலையில் அவர் வீட்டில் ஒன்றாக நின்று பேசினார்கள். 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாஷிங்டன் நகருக்குள் புகுந்து ஜனாதிபதி மாளிகையைக் கொளுத்தியபோது, ஜார்ஜ் வாஷிங்டனின் பெரிய படத்தைக் காப்பாற்றிய பிறகே அவர் வெளியேறினார் என்பது அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த செய்தி.

அந்தப் படத்தை உண்மையில் சுவரிலிருந்து இறக்கியவர்கள் வேறு சிலர் என்று பால் ஜென்னிங்ஸ் என்பவர் 1865-இல் எழுதி வைத்தார். அவர் யார்? மாடிசன் குடும்பத்தின் அடிமை. டாலியின் தகப்பனார் மனச்சாட்சிக்குப் பயந்து 1783-இல் தம் அடிமைகளை விடுதலை செய்தவர். மகளோ அடிமைகளை வைத்திருந்தார். கணவர் இறந்தபின் விற்கவும் செய்தார். ஜென்னிங்ஸ் வேறொருவரின் பண உதவியால் 1847-இல் விடுதலையானார். வறுமையில் தவித்த பழைய எஜமானிக்குத் தம் சட்டைப்பையிலிருந்து அவ்வப்போது சிறு தொகைகளையும் கொடுத்தார். டாலி 1849-இல் இறந்தார்.

வாஷிங்டனைக் கொளுத்திய அதே பிரிட்டிஷாரின் அதிகாரி ஒருவர்தான் அந்நாட்களில் திருவனந்தபுரத்தில் ராணியின் திவான். இந்த ஒற்றுமை தற்செயலானது. ஆனால் வேறொரு ஒற்றுமை தற்செயலானதல்ல. எல்லாரையும் வரவேற்ற அந்த வாசலின் பின்கட்டில் அடிமைகள் நின்றார்கள். நம் ராணியின் கொடைக்கும் அப்படி ஒரு பின்கட்டு உண்டு.

1829 பிப்ரவரி 3

அந்நாட்களில் தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்களும் அவர்களுக்குக் கீழாக வைக்கப்பட்டிருந்த குலங்களின் பெண்களும் இடுப்புக்கு மேல் உடுத்தலாகாது என்பது வழக்கம். தோளில் போடும் சீலை உயர்சாதியின் அடையாளமாகக் கருதப்பட்டது. 1814 மே மாதத்தில், அக்கா லட்சுமி பாயின் நாளில், மன்றோவின் முயற்சியால் ஓர் ஆணை வந்தது. அதன்படி கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள், சுரியானிக் கிறிஸ்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிவதுபோலக் குப்பாயம் அணியலாம்; நாயர் பெண்களைப் போலத் தோள்சீலை போடலாகாது. மிஷனெரிமாரின் மனைவிகள் பெண்களுக்குத் தளர்வான இரவிக்கை தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மீட் ஐயரின் மனைவி ஜோஹன்னா தஞ்சாவூர் மிஷனில் பணிசெய்த ஹோர்ஸ்ட் ஐயரின் மகள். நம் பெண்களின் நிலையை அவர் நன்றாக அறிந்தவர். சார்லஸ் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அடிமைகளாயிருந்த சில பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள்.

எழுத்தும் கைத்தொழிலும் கற்ற பெண், இரவிக்கைக்கு மேல் ஒரு சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனாள். அது வெறும் உடை அல்ல என்பது அவளுக்கும் தெரியும்; எதிரே நின்றவர்களுக்கும் தெரியும். 1827 முதல் கல்குளம் பகுதியில் கலகம் மூண்டது. சந்தைகளில் பெண்களின் சீலைகள் கிழிக்கப்பட்டன. ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. மீட் ஐயரின் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. அப்போது மன்றோ ஊரில் இல்லை. அவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

1829 பிப்ரவரி 3-ஆம் தேதி ராணியின் விளம்பரம் வெளியாயிற்று. நாடார் பெண்கள் தோள்சீலை அணிவது நியாயமல்ல. அது தடை செய்யப்படுகிறது. குப்பாயம் மட்டும் போடலாம். கிறிஸ்தவரானதால் ஊழியத்திலிருந்து ஒருவரும் தப்ப முடியாது. சர்க்காரின் அனுமதியின்றி ஆராதனைக் கட்டடம் எழுப்பலாகாது.

இங்கே ஒரு சொல்லின்மேல் சற்று நில்லுங்கள். 'ஊழியம்' என்று நாம் சொல்லும்போது உள்ளம் நிறைகிறது. ஊழியக்காரர், ஊழியப்பாதை, முழுநேர ஊழியம் என்று எத்தனை இனிய வழக்குகள்! அன்றைய திருவிதாங்கூரில் அந்தச் சொல்லுக்குக் கூலியில்லாக் கட்டாய வேலை என்றே பொருள். சர்க்கார் மரம் சுமக்கவும், கோயில் திருவிழாவுக்குச் சாமான் கொண்டுபோகவும், அதிகாரி வரும் வழியில் பந்தல் போடவும் அழைப்பு வந்தால், சொந்த வயலில் கதிர் முற்றி நின்றாலும் போயாக வேண்டும். நம் முன்னோர் அந்தச் சொல்லைக் கேட்டு நடுங்கியவர்கள். அதே சொல்லைத்தான் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று மேடையில் நின்று மகிழ்ச்சியோடு உச்சரிக்கிறார்கள்.

இந்த ஆணைக்கு ராணியை எவ்வளவு தூரம் பொறுப்பாளியாக்கலாம்? கொடுத்தபோது மன்றோ சொன்னதைக் கேட்டார், மறுத்தபோது திவானும் உயர்சாதி அதிகாரிகளும் சொன்னதைக் கேட்டார் என்று கணக்கை முடித்துவிடலாம். அப்படிச் செய்தால் அவரை வெறும் முத்திரைக் கட்டையாக்கிவிடுகிறோம். அது அவருக்கு நாம் செய்யும் அநியாயம். 1817-இல் அவர் பதினைந்து வயதுச் சிறுமி. 1829-இலோ பதினான்கு ஆண்டு அனுபவமுள்ள ஆட்சியாளர். கல்விக் கட்டளைக்காக அவரைப் புகழ்கிறவர்கள் இந்த ஆணையையும் அவர் பெயரிலேயே எழுத வேண்டும். பொன்னும் வெள்ளியும் பூண அனுமதித்தவருக்கு, ஒரு முழச் சீலை ஏன் பெரிதாயிற்று? நகையை அனுமதித்தால் சர்க்காருக்குச் சிறிது வருமானம் போகும், அவ்வளவுதான். சீலையை அனுமதித்தால், வழியில் எதிர்ப்படும் பெண் எந்தச் சாதி என்று தெரியாமற்போகும். அரண்மனை வரை நீண்டிருந்த அடுக்கு முழுவதும் அந்த அடையாளத்தின்மேல்தான் நின்றது.

பிள்ளைகள் வளர்ந்தபின்

அந்த விளம்பரத்திற்கு ஏறக்குறைய இரண்டரை மாதம் கழித்து, 1829 ஏப்ரலில், பதினாறு வயது நிறைந்த சுவாதித் திருநாளிடம் இராஜ்யத்தை ஒப்படைத்துவிட்டு ராணி ஒதுங்கினார். பதவியை விட மனமில்லாமல் பிள்ளைகளோடு போராடிய ராஜப்பிரதிநிதிகளைச் சரித்திரத்தில் நிறையப் பார்க்கலாம். இவர் அப்படிச் செய்யவில்லை. அப்போது அவருக்கு இருபத்தேழு வயதுகூட நிறைந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். எப்படியும் வாழ்வின் பாதிக்கு மேல் ஆட்சியிலேயே கழிந்திருந்தது. அதற்குப்பின் இருபத்துநான்கு ஆண்டுகள் இருந்து, 1853-இல் இறந்தார். சுவாதித் திருநாள் 1846-இலேயே மரித்துப்போனதால், தாம் வளர்த்த முதல் பிள்ளையின் மரணத்தையும் அவர் கண்டார்.

அவர் மடியில் வளர்ந்த இளைய மகன் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அடுத்துப் பட்டமேறினார். சித்தி இறந்து இரண்டு ஆண்டுகளானபோது, 1855-இல், தாயின் ஆணை விட்டுவைத்திருந்த அடிமைகளையும் அவர் விடுதலை செய்தார். 1858-இல் தோள்சீலைக் கலகம் மீண்டும் வெடித்தது. சென்னை கவர்னர் தலையிட்டபின், 1859 ஜூலை 26-ஆம் தேதி, கிறிஸ்தவர்களுக்கு மட்டுமன்றி நாடார் பெண்கள் அனைவருக்கும் மார்பை மறைக்கும் உரிமை உண்டு என்று அவர் விளம்பரம் செய்தார். அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற ஒரு வரி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. சித்தி அடைத்த கதவை மகன் திறந்தார், முழுவதும் திறக்கவில்லை.

சார்லஸ் மீட் ஐயரின் கதை இன்னும் மிச்சமிருக்கிறது. ராணியின் சர்க்கார் ஒரு காலத்தில் நீதிபதியாக அமர்த்திய அவர், பிற்காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தார். ஐரோப்பியர் பலருக்கு அது பொறுக்கவில்லை. அவர் மிஷன் சங்கத்தை விட்டு விலகினார். 1855-இல் உத்திராடம் திருநாளின் சர்க்கார் அவரைத் திருவிதாங்கூர்ப் பள்ளிகளின் மேற்பார்வையாளராக நியமித்தது. 1817-இல் பதினைந்து வயது ராணி முத்திரையிட்ட கல்விக் கட்டளையின் வழிவந்த வேலையை, முதிர்ந்த வயதில் ஊர் ஊராகச் சென்று பார்வையிட்டார். 1873-இல் இந்தத் திருவனந்தபுரத்திலேயே அவர் காலமானார்.